ஒரே தவணை: வக்கீல் லிங்கனும் சட்டசபையும்

[சங்கத்தின் ஆண்டு விழாவில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு]



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு வக்கீலின் வரலாறு. அவர் நம் நாட்டினர் அல்லர். நம் மரபினரும் அல்லர். அமெரிக்க ஐக்கிய நாட்டிலே இல்லினாய் என்னும் மாகாணத்தில் வழக்காடிப் பிழைத்தவர். அந்நாட்டுக் காங்கிரசின் பிரதிநிதிகள் சபைக்கு ஒரே ஒருமுறை தேர்ந்தெடுக்கப்பெற்று, அங்கே இரண்டாண்டு அமர்ந்து, பின்னர் வீடு திரும்பியவர். அவர் பெயர் ஆபிரகாம் லிங்கன்.

"லிங்கனா? அவர் ஜனாதிபதியாய் இருந்தவர் அல்லரோ?" என்று நீங்கள் வினவுதல் கூடும். ஆம், அடிமைத்தளையை அறுத்த ஜனாதிபதியை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். ஆயின், 1849-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், சட்டசபைத் தவணை முடிந்து, கைக்கு எட்டிய பதவி ஒன்றும் இன்றித் தம் ஊர் நோக்கிப் புறப்பட்ட நாற்பது வயது வக்கீலை அறிந்தவர் சிலரே. யான் பேச விழைவது அவரைப் பற்றியே.

இப்பொருளை யான் தேர்ந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் இன்று வக்கீலாக இருக்கின்றார். அவர் தம் ஊர்ச் சபைக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்பட்டார். ஊரார் பலர் விரும்பிய ஒரு காரியத்தைக் குறித்து அங்கே சில கேள்விகள் கேட்டார். அடுத்த முறை தோற்றார். சின்னாட்களுக்கு முன்னர் அவரும் அவர் தந்தையாரும் என் இல்லத்திற்கு வந்தனர். "தொழிலையும் கெடுத்துக்கொண்டான், பெயரையும் கெடுத்துக்கொண்டான்" என்றார் தந்தையார். மகன் வாய் திறவாது தலை குனிந்திருந்தார். அன்று அவர்க்கு ஏற்ற விடை எனக்குத் தோன்றவில்லை. இச்சொற்பொழிவே யான் அவர்க்குக் கூறும் விடை என்று கொள்ளுங்கள்.

இளமையும் கல்வியும்

லிங்கன் 1809-ஆம் ஆண்டு பெப்ருவரி 12-ஆம் நாள், கெண்டக்கி மாகாணத்தில், மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய ஒரு குடிலிலே பிறந்தார். தந்தையார் தாமஸ் உழவும் தச்சும் வல்லவர், தாயார் நான்சி. 1816-இல் குடும்பம் இந்தியானாவுக்குக் குடிபெயர்ந்தது. 1818-இல் தாயார் மறைந்தார். அப்போது பிள்ளைக்கு வயது ஒன்பது. மறுவருடம் தந்தையார் மணந்துகொண்ட சாரா என்னும் அம்மையார், மாற்றாந்தாய் என்ற சொல்லுக்கே மாறாக, அப்பிள்ளையைத் தம் வயிற்றிற் பிறந்தவன்போற் பேணினார். அவன் நூல் படித்தற்குத் துணை நின்றார். தாய்மார்களே! அவ்வம்மையார் எழுத்தறிவு இல்லாதவர் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். லிங்கன் பள்ளியிற் பயின்ற நாட்களையெல்லாம் கூட்டிப் பார்த்தாலும் ஓராண்டு நிறையாது.

இருபத்திரண்டாம் வயதில் அவர் இல்லினாயிலுள்ள நியூ சேலம் என்னும் சிற்றூருக்குத் தனியே வந்து சேர்ந்தார். கடையிற் பணியாளாக இருந்தார். தபால் அதிகாரியாக இருந்தார். சங்கிலியும் திசைகாட்டியும் கொண்டு நிலம் அளந்தார். அவர் நிலம் அளந்தவர் என்னும் இச்செய்தியைச் சற்று நினைவில் வைத்திருங்கள், பின்னர் வேண்டப்படும். 1832-இல் மாகாணச் சட்டசபைக்கு நின்று தோற்றார். ஆயினும் அவரை நேரில் அறிந்த நியூ சேலம் பகுதியில் விழுந்த 300 வோட்டுகளில் 277 அவருக்கே விழுந்தன. 1834-இல் மீண்டும் நின்று வென்றார். அடுத்தடுத்து நான்கு தவணை அச்சபையில் அமர்ந்தார்.

ஜான் ஸ்டூவர்ட் என்ற வக்கீல் அவரைச் சட்டம் பயிலுமாறு தூண்டித் தம் நூல்களை இரவல் கொடுத்தார். ஆசிரியர் இல்லை, கல்லூரி இல்லை. பிளாக்ஸ்டன் என்பார் எழுதிய ஆங்கிலச் சட்ட விளக்கத்தைத் தாமே படித்துத் தேர்ந்து, 1836-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் வழக்காடும் உரிமை பெற்றார். 1837-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், இரவல் குதிரை ஒன்றின்மீது ஏறி ஸ்பிரிங்பீல்டு நகர் புகுந்தார். அங்கே ஒரு கடையிற் படுக்கைக்கு விலை கேட்டார். 17 டாலர் என்றனர். அவ்வளவு பணம் அவரிடம் இல்லை. வாடிய அவர் முகத்தைக் கண்ட கடைக்காரர் ஜோஷுவா ஸ்பீடு, மாடியிலிருந்த தம் கட்டிலிற் பாதியை அவருக்கு அளித்தார். அந்நட்பு வாழ்நாள் முழுதும் நின்றது.

வக்கீல் தொழில்

அக்காலத்து இல்லினாயில் நீதிபதியும் வக்கீல்களும் ஆண்டில் இரு பருவம் ஊர் ஊராகச் சென்று வழக்குகளை முடித்தனர். வழியெல்லாம் சேறு, விடுதியில் ஒரே கட்டிலில் இருவர் மூவர் உறங்குவர். இவ்வாறு எட்டாம் சுற்றுப் பகுதி முழுவதையும் லிங்கன் பல்லாண்டு சுற்றி வந்தார். கடன் வழக்கு, எல்லை வழக்கு, கால்நடை வழக்கு, அவதூறு வழக்கு எனச் சிறு வழக்குகளே மிகுதி. அவரும் அவருடன் கூட்டாகத் தொழில் நடத்தியவர்களும் தம் காலத்தில் ஏற்று நடத்திய வழக்குகள் 5,000-க்கு மேற்பட்டவை என்று ஆவணங்களைத் தொகுத்தோர் கணக்கிட்டுள்ளனர்.

இளம் வக்கீல்களுக்கென அவர் எழுதி வைத்த குறிப்பு ஒன்று உண்டு. வழக்குக்கு வருவோரை இயன்றவரை சமாதானம் செய்து அனுப்புக என்பதும், வென்றவனும் செலவாலும் காலத்தாலும் தோற்றவனே ஆகின்றான் என்பதும், நேர்மையான வக்கீலாக இருத்தல் இயலாதெனின் வக்கீல் தொழிலை விட்டு நேர்மையாளனாக மட்டும் இருப்பதே நன்று என்பதும் அக்குறிப்பின் கருத்து. நம் இளைஞர் பலர் சட்டக் கல்லூரி நாடும் இந்நாளில் இவ்வறிவுரை அவர்கள் மேசைமேல் இருக்கத்தக்கது.

ஆயின், பெரியோர் வரலாற்றைச் சொல்லுங்கால் புகழை மட்டும் சொல்லிப் பழியை மறைத்தல் ஆசிரியனுக்கு அழகன்று. 1847-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், காங்கிரசுக்குப் புறப்படுவதற்குச் சற்று முன்னர், இதே லிங்கன் ராபர்ட் மாட்சன் என்னும் அடிமையுடையாரின் பொருட்டு வழக்காடினார். கெண்டக்கியிலிருந்து இல்லினாய்க்குக் கொணரப்பட்ட ஜேன் பிரையன்ட் என்னும் பெண்மணியும் அவர்தம் குழந்தைகளும் விடுதலை வேண்டினர். அவர்களைத் திரும்பப் பெறவேண்டும் என்பது மாட்சன் வழக்கு. லிங்கன் தோற்றார், அத்தாயும் மக்களும் விடுதலை பெற்றனர். அடிமை முறை அநீதியின்மேல் நிறுவப்பட்டது என்று 1837-இலேயே மாகாணச் சட்டசபையில் எழுத்து மூலம் பதிவு செய்தவர் அவர். அப்படிப்பட்டவர் இவ்வழக்கை ஏன் ஏற்றார்? கேட்டு வந்த கட்சிக்காரருக்காக வாதிடுதல் தொழில் முறை என்று கருதினார் போலும். தொழிலின் வழக்கம் ஒருவருடைய நெஞ்சை எவ்வளவு தூரம் மூடவல்லது என்பதற்கு இது சான்று. வக்கீலாய் இருந்த லிங்கனுக்கும் சட்டம் செய்யச் சென்ற லிங்கனுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. வக்கீல், கட்சிக்காரர் சொல்லும் பொருளைப் பேசுகின்றார். பிரதிநிதியோ எப்பொருளைப் பேசுவது என்பதைத் தாமே துணிய வேண்டியவராகின்றார்.

முறை வைத்தல்

அவர் காங்கிரசுக்குச் சென்ற வகை நாம் அறிதற்குரியது. இல்லினாயின் ஏழாம் தொகுதியில் அவரைச் சேர்ந்த விக் கட்சியில் வல்லவர் மூவர் இருந்தனர்: ஜான் ஹார்டின், எட்வர்டு பேக்கர், லிங்கன். மூவர்க்கும் ஆசை ஒன்றே, இடமும் ஒன்றே. ஆகவே ஒருவர் பின் ஒருவராய் ஒவ்வொரு தவணை செல்லுதல் என்னும் ஏற்பாடு உண்டாயிற்று. நீர்ப் பாய்ச்சலுக்கும் திருவிழா மண்டகப்படிக்கும் முறை வைத்தல் நமக்குப் புதிதன்று. அதனை ஒத்ததே இதுவும். முதலில் ஹார்டினும் அடுத்துப் பேக்கரும் சென்றனர். 1846-இல் லிங்கனுக்கு முறை வந்தது. ஹார்டின் மீண்டும் நிற்க விரும்பியபோது, முறை என்பது அனைவர்க்கும் ஒத்தது என்று லிங்கன் வற்புறுத்தி நின்றார்.

எதிர்க்கட்சியின் சார்பாக நின்றவர் பீட்டர் கார்ட்ரைட் என்னும் புகழ் வாய்ந்த மெதடிஸ்டு சமயப் போதகர். லிங்கன் சமயப் பற்றில்லாதவர் என்னும் பேச்சு எங்கும் பரவியது. சமயத்தை இகழ்ந்து பேசியவன் அல்லேன் என்று லிங்கன் ஒரு துண்டறிக்கை அச்சிட்டு வழங்கினார். 1846-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நடந்த தேர்தலில் லிங்கன் 6,340 வோட்டும் கார்ட்ரைட் 4,829 வோட்டும் பெற்றனர். இல்லினாய் அனுப்பிய ஏழு பிரதிநிதிகளில் விக் கட்சியினர் லிங்கன் ஒருவரே.

எந்த இடம்?

1847-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள் காங்கிரசு கூடிற்று. அந்நாளில் அமெரிக்கா மெக்சிகோவுடன் போர் புரிந்துகொண்டிருந்தது. போரின் தோற்றம் இது: டெக்சாஸ் நாட்டின் எல்லை ரியோ கிராண்டு ஆறு என்று ஒரு சாராரும், அதற்கு வடக்கே உள்ள நூசெஸ் ஆறு என்று மற்றொரு சாராரும் கூறினர். இரண்டு ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலம் வழக்கில் இருந்தது. ஜனாதிபதி போல்க் என்பார் படையை அந்நிலத்துக்குள் அனுப்பினார். அங்கே கைகலப்பு நேர்ந்தது, வீரர்கள் மாண்டனர். மெக்சிகோ நம் மண்ணிலே நம்மவர் குருதியைச் சிந்தியது என்று போல்க் 1846-ஆம் ஆண்டு மே மாதத்திற் காங்கிரசுக்கு அறிவித்தார், போர் மூண்டது. மக்கள் ஆரவாரித்தனர். இல்லினாயிலிருந்து இளைஞர் ஆயிரக்கணக்கிற் படையிற் சேர்ந்தனர். முன்னர்க் கூறிய ஹார்டின் 1847-ஆம் ஆண்டு பெப்ருவரி மாதத்தில் புவேனா விஸ்டா போரிலே உயிர் துறந்தார்.

இந்நிலையில், சபைக்கு வந்து மூன்று வாரம் நிறையுமுன், டிசம்பர் 22-ஆம் நாள், லிங்கன் எட்டுத் தீர்மானங்களைக் கொணர்ந்தார். அவற்றின் சாரம் ஒரே கேள்வி: குருதி சிந்திய அந்த இடம் எது? அவ்விடம் யாருடைய ஆட்சியில் இருந்தது? அங்கே வாழ்ந்தவர்கள் நமக்கு வரி செலுத்தினரா? நம் தேர்தலில் வோட்டளித்தனரா? நம் நீதிமன்றத்துக்கு வந்தனரா? அல்லது நம் படையைக் கண்டு வீடும் பயிரும் விட்டு ஓடினரா?

அன்பர்களே! இது யாருடைய கேள்வி? நிலம் அளந்தவருடைய கேள்வி. எல்லைத் தகராற்றில் வக்கீல் ஒருவர் என்ன செய்வார்? "இது என் நிலம்" என்று உரத்துக் கூவுவாரிடம், "ஐயா, எல்லைக்கல் எங்கே? அனுபவ பாத்தியம் யாருக்கு? தீர்வை கட்டியவர் யார்?" என்று அமைதியாக வினவுவார். இல்லினாயின் சிற்றூர் நீதிமன்றங்களில் பழகிய அக்குறுக்கு விசாரணையையே லிங்கன் நாட்டின் தலைவர்மேல் நடத்தினார். 1848-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள், இப்போர் தேவையின்றியும் அரசியல் சட்டத்துக்கு மாறாகவும் ஜனாதிபதியால் தொடங்கப்பட்டது என்னும் திருத்தத்துக்கு ஆதரவாக வோட்டளித்தார். அத்திருத்தம் 85-க்கு 81 என்னும் கணக்கில் நிறைவேறியது. ஜனவரி 12-ஆம் நாள் நீண்டதொரு சொற்பொழிவும் நிகழ்த்தினார்.

அவர் தனியொருவராய் நின்றார் என்று மிகைப்படுத்தல் முறையன்று. அவர் கட்சியினர் பெரும்பாலோர் உடன் நின்றனர். போர்க்களத்திலிருந்த வீரர்களுக்கு உணவும் ஊதியமும் வழங்கும் மசோதாக்களுக்கு அவர் தவறாது ஆதரவளித்தார். போல்க் அவருடைய கேள்விக்கு விடையே அளிக்கவில்லை. தீர்மானங்கள் வோட்டுக்கு விடப்படாமலே போயின. அடுத்த மாதம் சமாதான உடன்படிக்கை எழுதப்பட்டது.

ஊரிலோ எதிர்ப்பு எழுந்தது. எதிர்க்கட்சிப் பத்திரிகைகள் 'இடம் கேட்கும் லிங்கன்' என்னும் பொருள்பட அவருக்குப் பட்டப்பெயர் சூட்டி எள்ளின. அவருடைய தொழிற் கூட்டாளியும் இளைய நண்பருமாகிய ஹெர்ண்டனே கடிதம் எழுதி வருந்தினார். அதற்கு லிங்கன் விடுத்த விடை ஆழ்ந்து எண்ணத்தக்கது. நாட்டைப் போருக்கு இட்டுச் செல்லும் உரிமை ஒரு தனி மனிதர் கையில் இருத்தல் ஆகாது என்றே அரசியல் சட்டம் வகுத்தோர் அதனைச் சபைக்கு அளித்தனர் என்றும், படையெடுப்பைத் தடுக்க வேண்டும் என்று ஜனாதிபதி தாமே கருதும்போதெல்லாம் போர் தொடங்கலாம் என்றால் அவர் அதிகாரத்துக்கு எல்லையே இல்லாது போம் என்றும், அரசர்கள் செய்த கொடுமையையே நாமும் செய்தவராவோம் என்றும் அவர் எழுதினார்.

திருவள்ளுவனார் பொருட்பாலிலே 'அவையறிதல்' என ஓர் அதிகாரமும், அதனை அடுத்து 'அவையஞ்சாமை' என ஓர் அதிகாரமும் வகுத்தருளினார். ஹெர்ண்டன் வேண்டியது அவையறிதல். லிங்கன் காட்டியது அவையஞ்சாமை. முன்னதை அறியாதவன் வீணே பேசுவான். பின்னது இல்லாதவனோ பேசவேண்டிய இடத்திற் பேசான். இரண்டும் வேண்டும் என்பதனாலன்றோ ஆசிரியர் இரண்டையும் அருகருகே வைத்தார்!

கொண்டுவரப்படாத மசோதா

தலைநகரில் லிங்கன் ஸ்பிரிக் என்னும் அம்மையாரின் உணவு விடுதியில் தங்கினார். மனைவி மேரியும் சிறுவர் இருவரும் சில மாதம் உடன் இருந்தனர். அடிமை முறையை எதிர்த்த கிட்டிங்ஸ் முதலிய பிரதிநிதிகளும் அங்கேயே உண்டு உறைந்தனர். 1848-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஒரு நாள், அவ்விடுதியிற் பரிமாறிய கறுப்பினத்துப் பணியாளர் ஒருவரை அடிமை வணிகர் உட்புகுந்து பிடித்துச் சென்றனர். அவர் தம் விடுதலைக்காகச் சிறுகச் சிறுகப் பணம் கட்டி வந்தவர். பெரும்பகுதி கட்டியும் முடித்தவர். தமக்கு நாள்தோறும் உணவு பரிமாறிய கை விலங்கிடப்பட்டது கண்டு அவர்கள் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும்! சபை மண்டபத்தின் சாளரத்திலிருந்து பார்த்தால், குதிரை லாயம் போன்று மனிதரை அடைத்து வைத்திருந்த ஓரிடம் தெரிந்தது என்று லிங்கன் பின்னாளிற் குறிப்பிட்டார்.

1849-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள், தலைநகர்ப் பகுதியில் அடிமை முறையை ஒழிக்க ஒரு மசோதா கொணரப்போவதாக லிங்கன் சபையில் அறிவித்தார். 1850-ஆம் ஆண்டு முதல் அங்கே அடிமைத் தாய்மார்க்குப் பிறக்கும் குழந்தைகள் சுதந்திரர். உடையார் இசைந்தால் அரசாங்கம் முழு விலை கொடுத்து மற்றையோரையும் விடுவிக்கும். இவையெல்லாம் அப்பகுதி வாக்காளர் ஒப்புக்கொண்டாலே சட்டமாகும். தப்பி வரும் அடிமைகளைப் பிடித்து ஒப்படைக்க வேண்டும் என்னும் விதியும் அதனுள் இருந்தது. இவ்விதியைக் காட்டிப் பின்னர் அடிமை எதிர்ப்பாளர் சிலர் அவரைக் கடுமையாக வைதனர். இருபுறத்தாரையும் இணக்க முயன்றவர்க்கு இருபுறத்தாரும் பகையாயினர். ஆதரவு தருவதாகச் சொன்னவர்கள் பின்வாங்கினர். தம் கையில் வலிமை இன்மை கண்ட லிங்கன் மசோதாவைக் கொண்டுவராமலே விட்டார்.

தோல்வியா?

1849-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தவணை முடிந்தது. போரை எதிர்த்தமையால் மக்கள் அவரைத் தோற்கடித்தனர் என்று பலர் எழுதுவர். அஃது உண்மையன்று, அவர் மறுபடியும் நிற்கவே இல்லை. முறைப்படி விலகினார். வேறு ஒருவரும் விரும்பாராயின் யான் நிற்க மறுக்கமாட்டேன் என்று நண்பருக்கு எழுதிய அளவில் உள்ளத்தில் ஆசை இருந்தது. ஆயினும் வாக்கை மீறவில்லை. அவருக்குப்பின் 1848-இல் நின்ற லோகன் என்பவர், போரிலிருந்து மீண்ட ஒரு வீரரிடம் 106 வோட்டில் தோற்றார். அப்பழியிற் பெரும்பங்கு லிங்கன்மேல் விழுந்தது.

தேர்தலில் தம் கட்சி வேட்பாளர் டெய்லர் ஜனாதிபதியாதற்கு லிங்கன் பெரிதும் உழைத்தார். அதற்குப் பயனாகப் பொது நில அலுவலகத் தலைமைப் பதவியை வேண்டினார். அது வேறொருவருக்குச் சென்றது. தொலைவிலுள்ள ஆரிகன் பிரதேசத்துக்கு ஆளுநர் பதவி அளிக்க முன்வந்தனர். அதனை மறுத்து வழக்குமன்றத்துக்கே திரும்பினார். 1850-ஆம் ஆண்டு பெப்ருவரி முதல் நாள், நான்கு வயதும் நிறையாத அவர் இரண்டாம் மகன் எட்வர்டு நோயால் இறந்தான். பதவி இல்லை; புகழ் இல்லை; வீட்டிலோ புத்திர சோகம். இந்த ஆண்டுகளில் அவர் மீண்டும் ஊர் ஊராய்ச் சென்று முன்னிலும் மிகுதியாக வழக்குகளை நடத்தினார். சுற்றுப் பயணத்தின்போது யூக்ளிடின் ஷேத்திர கணித நூலைக் கற்றார். ஒன்றை நிறுவுதல் என்பது யாது என்று தெளிய விரும்பி அந்நூலை மேற்கொண்டாராம். நாற்பது வயதுக்கு மேல் யூக்ளிட்! என் வயதுடைய ஆசிரியர்களும் தந்தையர்களும் இதனைக் கேட்டு நாணுதல் தகும், யானும் நாணுகின்றேன்.

1854-இல் புதுப் பிரதேசங்களுக்குள் அடிமை முறை பரவ வழிதிறந்த கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம் நிறைவேறியது. அவர் மறுபடியும் மேடை ஏறினார். 1855-இல் செனட் சபைக்கு நின்றார். வெற்றி தம்மைவிட்டு நழுவுதல் கண்டு, கொள்கையின் பொருட்டுத் தம் ஆதரவாளரை வேறொருவர்க்குத் துணையாக்கித் தாம் தோற்றார். 1858-இல் டக்ளஸ் என்பாரோடு ஏழு ஊர்களில் வாதப்போர் புரிந்தார். முதல் வாதத்திலேயே டக்ளஸ், பத்தாண்டுக்கு முற்பட்ட மெக்சிகோப் போர்ப் பேச்சை எடுத்து அவர்மேல் எறிந்தார். அம்முறையும் செனட் பதவி கிட்டவில்லை. ஆயின் 1860-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நாட்டின் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இனி, முன்னர் யான் கூறிய அந்தக் கொண்டுவரப்படாத மசோதாவை நினைவுகூருங்கள். 1862-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள், தலைநகர்ப் பகுதியில் அடிமை முறையை உடனே ஒழிக்கும் சட்டம் ஒன்று ஜனாதிபதியின் கையெழுத்துக்கு வந்தது. உடையார்க்கு ஈடு வழங்கி, ஏறத்தாழ 3,100 பேரை அச்சட்டம் விடுவித்தது. கையெழுத்திட்ட கை, பதின்மூன்று ஆண்டுக்கு முன்னர் அம்மசோதாவை எழுதி மூடிவைத்த அதே கை! அடுத்த ஜனவரி முதல் நாள் விடுதலைப் பிரகடனம் வெளிவந்தது. 1865-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள், ஒருகால் அவர் உறுப்பினராய் இருந்த அதே பிரதிநிதிகள் சபை, அடிமை முறையை நாடெங்கும் ஒழிக்கும் அரசியல் சட்டத் திருத்தத்தை 119-க்கு 56 என்னும் கணக்கில் ஏற்றது. ஏப்ரல் 15-ஆம் நாள் கொலைஞன் ஒருவன் சுட்ட குண்டால் அவர் உயிர் நீத்தார். திருத்தம் அவ்வாண்டு டிசம்பரில் உறுதி பெற்றது.

நமக்கு ஆவது

அன்பர்களே! "கேள்வி கேட்டவர் எல்லாரும் ஒருநாள் ஜனாதிபதி ஆவர், ஆகவே கேளுங்கள்" என்று யான் சொல்ல வரவில்லை. அது பொய். எத்தனையோ பேர் கேட்டுத் தோற்று, தோற்றவராகவே மறைந்தனர். லிங்கன் 1850-இல் இறந்திருப்பின் அவர் பெயரை இன்று நாம் அறியோம். ஆயினும் அவர் 1847-இற் கேட்ட கேள்வி அப்போதும் சரியான கேள்வியே ஆகும். அதன் தகுதி, பின்வந்த பதவியால் உண்டானதன்று. இதுவே என் பழைய மாணவருக்கு யான் கூறும் விடை. ஒரு தவணை சிறிதன்று. அத்தவணையில் நீ கேட்டது உண்மையா என்பதொன்றே கணக்கு. உண்மையாயின், தொழிலுக்குத் திரும்பு, நூலை எடு, காத்திரு.

தந்தையார்க்கும் ஒரு சொல் உண்டு. ஆனால் அதனைச் சொல்லுமுன் என் குறை ஒன்றை ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். ஆண்டுதோறும் யான் மாணவர்க்கு 'அவையஞ்சாமை' அதிகாரத்தைப் பாடம் சொல்லுகின்றேன். பல ஆண்டுக்கு முன்னர், ஒரு பொதுக்கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கிற் கண்ட ஓர் ஐயத்தைக் கேட்க எழுந்தேன். முன் வரிசையிற் பெரியவர் இருவர் திரும்பிப் பார்த்தனர். அவ்வளவே! "ஒன்றுமில்லை" என்று அமர்ந்துவிட்டேன். என் ஐயம் தவறாகவும் இருக்கலாம். கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும். கேளாமையால் இன்றும் தீராமல் இருக்கின்றது. மறுநாள் வகுப்பில் அவ்வதிகாரத்தைப் பொருள் சொல்லுகையில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

ஆதலின் பெரியோர்களே! இம்மன்றத்திற்கூட, நாளை நம் இளைஞன் ஒருவன் எழுந்து, "ஐயா, அந்த இடம் எது? அந்தக் கணக்கு எங்கே?" என்று கேட்பானாயின், அவனைத் திரும்பிப் பார்க்குங்கால் கடுமையோடு பாராதீர்கள். விடை இருந்தால் விடை கூறுங்கள். இல்லையேல் அவனுக்கு நன்றி கூறுங்கள். கேள்வி கேட்டவன் குலத்துக்குப் பகைவன் ஆகான். கேளாமல் அமர்ந்தவனால் குலத்துக்கு நன்மை விளைந்ததும் இல்லை.

இளைஞர்களே! நீவிர் கேட்குமுன் லிங்கனைப்போல் நிலத்தை அளந்து, நூலைப் பார்த்து, சான்றைக் கையில் வைத்துக்கொண்டு எழுங்கள். முறை வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். முறை முடிந்தால் வழிவிடுங்கள். இடைப்பட்ட நாளில் அஞ்சாதீர்கள்.

பின் வரிசையில் அமர்ந்திருக்கும் என் பழைய மாணவரும் அவர் தந்தையாரும் விழா முடிந்தபின் என்னோடு உணவுண்டு செல்லுமாறு வேண்டி அமர்கின்றேன்.